மானமும் ஆட்டவிதியும்: புறத்திணை மரபும் அயர்லாந்து வீரமரபும் ஒற்றியூர்ச் சூளுறவும்

முன்னுரை

மானம் என்பது அளந்து எண்ணிடத்தக்க பொருளோ என்னும் வினா, எதிர்பாராத ஓரிடத்திலிருந்து வந்து தமிழாராய்ச்சியின் முன் நிற்கிறது. மேசையொன்றைச் சுற்றி நால்வரோ ஐவரோ அமர்ந்து, ஒவ்வொருவரும் ஒரு கதைமாந்தரின் பெயரையும் இயல்பையும் தமதாக ஏற்று, ஒருவர் கதையை நடத்திச் செல்ல, ஐயம் நேர்ந்தவிடத்துப் பகடையுருட்டி முடிவு காணும் ஆட்டவகை ஒன்று உண்டு. அதனைப் பாத்திரமேற்பு ஆட்டம் என ஈண்டுக் குறிப்போம். 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகிய இருவரும் ஆக்கிய ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இவ்வகைக்கு வழிகோலியது. அதன்பின் தோன்றிய ஆட்டங்களுள் பல, பழைய வீரயுகச் சமுதாயங்களைக் களமாகக் கொண்டன. அயர்லாந்து, வேல்சு ஆகிய கெல்டிய நாடுகளின் பழங்கதைகளைத் தழுவிய கற்பனையுலகங்களும் அவற்றுள் அடங்கும். அவ்வுலகங்களை அமைப்போர் எதிர்கொள்ளும் இடர் ஒன்று உண்டு. வாள்வீச்சுக்கு விதி எழுதுதல் எளிது. மானத்துக்கு விதி எழுதுதல் எங்ஙனம்?

இவ்வினா தமிழ்த்துறையினர்க்கு உரியதன்று எனச் சிலர் கருதலாம். யாம் அவ்வாறு கருதவில்லை. வீரர் ஒழுகலாற்றை வகுத்து முறைப்படுத்த முயன்ற பழைய நூல்களுள் தொல்காப்பியப் புறத்திணையியல் ஒன்று. அவ்வகுப்பு எவ்வாறு இயங்குகிறது என ஆராய்வார்க்கு, அதனை ஓர் ஆட்டத்தின் விதியாக எண்ணிப் பார்த்தல் நல்லதோர் உரைகல்லாகும். கெல்டிய மரபைத் தழுவிய ஆட்டவிதிகளின் குறையை நம் இலக்கியச் சான்று கொண்டு காட்டுதலும், அதன்வழி நம் இலக்கியத்தில் மானம் எவ்வாறு தொழிற்படுகிறது எனத் தெளிதலும் இக்கட்டுரையின் நோக்கம்.

எண்ணிடும் முறை

மானத்தை ஆட்டவிதியாக்க முயன்றோர் பெரும்பாலும் எண்ணிடும் முறையையே கைக்கொண்டனர். நற்செயல் செய்தால் சில புள்ளிகள் ஏறும். இழிசெயல் செய்தால் இறங்கும். இம்முறையின் சிறந்த வடிவம் கிரெக் ஸ்டாஃபோர்ட் 1985-இல் வெளியிட்ட ‘பென்டிராகன்’ என்னும் ஆட்டத்தில் காணப்படுகிறது. ஆர்தர் மன்னனின் அவையைக் களமாகக் கொண்ட அவ்வாட்டத்தில் மாந்தரின் குணங்கள் ஒன்றற்கொன்று மறுதலையான பதின்மூன்று இணைகளாக வகுக்கப்பட்டுள்ளன. ஒவ்வோர் இணையின் கூட்டுத்தொகையும் 20. மானம், குடிப்பற்று, விருந்தோம்பல் முதலியன உணர்ச்சிகள் எனத் தனியே எண்ணிடப்பெறும். ஆடுவோன் ஒன்றை விழைய, அவன் ஏற்ற மாந்தனின் இயல்பு வேறொன்றின்பால் ஈர்க்கும் நிலையைப் பகடை காட்டுகிறது. மனிதன் தன் குணத்தைத் தான் முற்றிலும் ஆள்வதில்லை என்னும் உண்மையை இவ்விதி உணர்த்துதலின் இது பாராட்டத்தக்கது.

எனினும், எண்ணிடும் முறைக்கு அடிப்படையான குறை ஒன்று உண்டு. அது மானத்தை ஒருவனுடைய உடைமையாக, அவன் பையிலுள்ள காசு போலக் கருதுகிறது. காசாயின் சேர்க்கலாம், செலவிடலாம். இன்று ஓர் இழிசெயல் செய்து, நாளை இரண்டு நற்செயல்களால் ஈடுகட்டலாம். வணிகனுக்கு இது பொருந்தும். வீரனுக்குப் பொருந்துமா என்பதை வீரமரபின் சான்றுகளையே கொண்டு காண்பாம்.

அயர்லாந்துச் சான்று

பழைய அயர்லாந்தின் சட்டநூல்கள் பெரும்பாலும் கி.பி. 7, 8-ஆம் நூற்றாண்டுகளைச் சார்ந்தவை. அவற்றின்படி ஒவ்வொருவனுக்கும் அவன் தகுதிக்கேற்ப ஒரு மானவிலை உண்டு. அதனைக் குறிக்கும் பழந்தொடர்க்கு ‘முகத்தின் விலை’ என்பதே நேர்பொருள். ஒருவனைத் தாக்கியவன் அல்லது இழித்துரைத்தவன் அவ்விலையைக் கொடுக்கவேண்டும். ஆகவே எண்ணிடும் முறைக்குக் கெல்டிய மரபிலேயே சான்று உளதே என ஒருவர் வினவலாம். உளது, ஆயின் அவ்விலை சிறுகச் சிறுக ஏறி இறங்குவதன்று. போரில் புறங்கொடுத்தோடிப் பின்புறம் புண்பட்ட அரசனின் மானவிலை ஒரே அடியில் குடிமகனின் விலையளவாகத் தாழும் என அந்நூல்கள் கூறுகின்றன. விலையை வகுப்பதும் அவனல்லன்; அவனைச் சூழ்ந்த சமுதாயமே. ‘முகம்’ என்னும் சொல்லே இதற்குச் சான்று. தன் முகத்தைத் தான் காண்பார் யாருமிலர், பிறரே காண்பர்.

அம்மரபில் புலவனின் வசைக்கு இருந்த ஆற்றல் இதனை வலியுறுத்தும். வசைபாடப்பெற்றவன் முகத்தில் கொப்புளம் எழும் என்பது அவர் நம்பிக்கை. ஆநிரை கவர்தலைப் பொருளாகக் கொண்ட ‘தாய்ன் போ கூல்ங்யே’ என்னும் பெருங்கதையில், ஃபெர்தியாத் என்பான் தன் உடன்வளர்ந்த தோழனான கூகுலினை எதிர்த்துப் பொர மறுக்கிறான். அவனை இசைவிக்க மேவ் அரசி பொருளையும் தருகிறாள், புலவர் வசையையும் காட்டி அச்சுறுத்துகிறாள். அவன் ஆற்றுத்துறைக்குச் சென்று, நாட்கள் பல பொருது, தோழன் கையால் மடிகிறான். வசைக்கு அஞ்சிச் சாவை ஏற்றான் எனின், மானம் அவன் பையில் இருந்ததன்று, புலவர் நாவில் இருந்தது என்பது தெளிவு.

இன்னொரு கூறும் உண்டு. அயர்லாந்துக் கதைமாந்தர் பலர்க்கு ‘கெஷ்’ எனப்படும் தனிவிலக்கு உண்டு. கூகுலின் நாயிறைச்சி உண்ணலாகாது; அடுப்படியில் அளிக்கப்பட்ட உணவை மறுத்தலும் ஆகாது. இறுதிநாளில் வழியோரத்துக் கிழவியர் நாயிறைச்சியைச் சமைத்து அவனை உண்ண அழைத்தனர். எதனைக் காப்பினும் மற்றது முறியும். இவ்விலக்குகளைத் தனித்தனியே நோக்குவார்க்கு அவை பொருளற்ற பழங்கொள்கைகளாகத் தோன்றும். இரண்டும் ஒருங்கே மோதும் இடத்தில்தான் அவற்றின் பொருள் விளங்கும். எண்ணிடும் முறையால் இம்மோதலைக் காட்டவியலாது. ஒன்றைக் காத்ததற்கு ஐந்து, ஒன்றை முறித்ததற்கு ஐந்து எனக் கணக்கிட்டால், ஒரு வீரனின் அழிவு சுழி என முடியும்.

புறத்திணைச் சான்று

இனி நம் மரபுக்கு வருவாம். தமிழ்ப் புறப்பாடல்களையும் கிரேக்க, கெல்டிய வீரப்பாடல்களையும் ஒருங்குவைத்து ஆராயும் முறையை க. கைலாசபதி 1968-இல் ஆக்ஸ்ஃபோர்டில் வெளிவந்த தம் ஆங்கில நூலில் விரிவாக மேற்கொண்டார். அவர்க்கு முன் சாட்விக் இணையரின் உலகளாவிய ஒப்பீடு வழிகாட்டியாக அமைந்தது. அவ்வொப்பீட்டின் பயனை யாம் ஏற்கிறோம். அதன் எல்லையையும் நினைவிற் கொள்கிறோம். அயர்லாந்துக் கதைகள் கிறித்தவத் துறவியர் ஏட்டிலேற்றிய உரைநடைத் தொடர்கதைகள். நம் புறப்பாடல்களோ ஒரு கணத்தை நிறுத்திக் காட்டும் தனிப்பாடல்கள். ஆகலின் ஒற்றுமையை மட்டும் தேடாது, வேற்றுமை நிற்குமிடத்தையும் காணல் வேண்டும்.

தொல்காப்பியர் போரை வகுத்த முறை வியக்கத்தக்கது. கருவியாலோ படையின் அளவாலோ அவர் வகுக்கவில்லை. எதன்பொருட்டுப் போர் என்பதனாலும் எவ்விடத்துப் போர் என்பதனாலும் வகுத்தார். வஞ்சி மண்ணாசையால் எழுவது. உழிஞை மதிலை முற்றுவது. தும்பை தன் வலிமையை நிலைநாட்டுதலே பொருளாக வந்தவனை எதிர்ப்பது. பின்னர் ஐயனாரிதனார் புறப்பொருள் வெண்பாமாலையில் கரந்தை, நொச்சி என்பனவற்றைத் தனித்திணைகளாக்கிக் காஞ்சியை வஞ்சிக்கு மறுதலையாக அமைத்தபோது, ஒவ்வொரு செயலுக்கும் ஒரு மறுசெயல் அமைந்தது. ஆநிரை கவர்வான் வெட்சி சூடின், மீட்பான் கரந்தை சூடுவான். முற்றுவான் உழிஞை சூடின், காப்பான் நொச்சி சூடுவான். பூச்சூடுதல் என்பது வெறும் அணியன்று. யான் இன்ன நோக்கத்தோடு வருகிறேன் எனப் பகைவன் அறிய முன்கூட்டி அறிவித்தல் அது. அறிவித்தபின் பின்வாங்கினால் நாணம் வரும். மானத்துக்குரிய விதி செயலின் பின்னர்க் கூலியாக அன்றிச் செயலின் முன்னர் அறிவிப்பாக அமைகிறது என்பதே புறத்திணை தரும் முதற்பாடம்.

இரண்டாவது பாடம் புறநானூற்றின் 72-ஆம் பாட்டில் உள்ளது. இளையன் எனத் தன்னை இகழ்ந்த பகைவரை வெல்லேனாயின், தன் குடிமக்கள் தன்னைக் கொடியன் எனத் தூற்றுக என்றும், மாங்குடி மருதனைத் தலைவனாகக் கொண்ட புலவர் தன் நாட்டைப் பாடாது நீங்குக என்றும், இரப்போர்க்கு ஈயமாட்டா வறுமை தன்னை அடைக என்றும் பாண்டியன் நெடுஞ்செழியன் வஞ்சினம் கூறுகிறான். இங்குத் தண்டத்தை விதித்தவன் அவனே; நிறைவேற்றுவோர் மட்டும் பிறர். அவன் அஞ்சியது உயிரிழப்புக்கு அன்று, குடிமக்கள் சொல்லுக்கும் புலவர் மௌனத்துக்கும். தலையாலங்கானத்தில் அவன் வென்றதும், மாங்குடி மருதனார் மதுரைக்காஞ்சி பாடியதும் இவ்வஞ்சினத்தின் நிறைவாக நிற்கின்றன.

மூன்றாவது பாடம் வெண்ணிப் போரைப் பற்றியது. மார்பைக் குறித்துக் கரிகாலன் எறிந்த படை புறத்திலும் புண் செய்தமையால் நாணிச் சேரமான் பெருஞ்சேரலாதன் வடக்கிருந்தான். அயர்லாந்துச் சட்டம் தண்டித்தது புறங்கொடுத்தோடியவனை. சேரமானோ ஓடினானல்லன், அச்சட்டப்படி அவன் குற்றமற்றவன். ஆயினும் அவன் நாணினான். சட்டத்தின் மானத்துக்கும் சான்றோன் மானத்துக்கும் உள்ள வேற்றுமை இவ்விடத்தே புலனாகிறது. சட்டம் மன்னிக்கும், நாண் மன்னிப்பதில்லை. அதனினும் வியப்பு, வென்றவனாகிய கரிகாலனை நோக்கியே, நின்னினும் அவன் நல்லன் அல்லனோ என வெண்ணிக் குயத்தியார் வினவியது (புறம். 66). வெற்றி ஒருவனுக்கும் மானம் மற்றொருவனுக்குமாகப் பிரிந்து நிற்க, அத்தீர்ப்பை வழங்கியவர் ஒரு பெண்பாற் புலவர்; வழங்கியதும் வென்றவன் முன்னிலையில். தோல்விக்கு மானப்புள்ளியைக் குறைக்கும் எந்த ஆட்டமும் இப்பாட்டை விளக்கமாட்டாது.

ஒற்றியூர்ச் சூளுறவு

கெல்டியரின் தனிவிலக்கினை ஒத்ததொன்று நம் மரபில் உண்டோ என வினவுவார்க்கு, வடசென்னையின் திருவொற்றியூரே விடை கூறும். சுந்தரர் சங்கிலியாரை மணந்த வரலாற்றைச் சேக்கிழார் பெரியபுராணத்தில் ஏயர்கோன் கலிக்காம நாயனார் புராணத்துள் விரித்துரைக்கிறார். ஒற்றியூரை விட்டு நீங்கேன் எனச் சங்கிலியார்க்குச் சூளுறவேண்டிய நிலை சுந்தரர்க்கு நேர்கிறது. சந்நிதியில் சூளுறுங்கால் இறைவன் அங்கிருத்தல் கூடாது, மகிழமரத்தடியில் இருத்தல் வேண்டும் என அவர் முன்கூட்டியே வேண்டிக்கொள்கிறார். இறைவன் அதற்கும் இசைந்து, சங்கிலியார்க்கும் அதனை உணர்த்திவிடுகிறான். சங்கிலியார் தரப்பினர் மகிழின்கீழ்ச் சூளுறுக என்கின்றனர். தப்பவழியின்றிச் சுந்தரர் சூளுறுகிறார். பின் வேனில் வருகிறது. திருவாரூர் வசந்த விழா நினைவில் எழுகிறது. ஒற்றியூர் எல்லையைக் கடந்த அளவில் இரு கண்ணும் ஒளியிழக்கின்றன. திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோலும், காஞ்சியில் இடக்கண்ணும், ஆரூரில் வலக்கண்ணும் பெறுகிறார்.

இவ்வரலாற்றைப் பத்திமை நோக்கிற் காண்பார் காண்க. யாம் ஈண்டு விதியமைப்பினை மட்டும் நோக்குகிறோம். இதில் நான்கு கூறுகள் உள்ளன. விலக்கு ஓர் எல்லையோடு பிணைந்தது. அதனால் முறிவு நேரும் கணம் ஐயத்துக்கிடமின்றித் தெரியும். விலக்குடையான் அதன் சொல்லைக் காத்துப் பொருளை ஏய்க்க முயல்கிறான். அம்முயற்சியே அவனை இறுகப் பிணிக்கிறது. ஒற்றியூர்ச் சூளும் ஆரூர் அன்பும் ஆகிய இரு கடன்கள் மோதுகின்றன. கூகுலினுக்கு நேர்ந்ததும் இதுவே. இறுதியாக, இழப்பு உடலில் வெளிப்படுகிறது. அயர்லாந்தில் முகத்துக் கொப்புளம், இங்கே கண்ணொளி. ஆயின் ஒரு பெருவேற்றுமையும் உண்டு. கூகுலின் மோதலில் அழிகிறான். சுந்தரரோ ஊர்தோறும் பாடிச் சென்று, இழந்ததைக் கூறுகூறாக மீளப் பெறுகிறார். மானமுறிவுக்குப் பின்னும் ஒரு வழி உண்டு, அது நெடியது, பிறர் அறிய நடந்து தீர்க்கவேண்டியது என்பது நம் மரபு சேர்க்கும் பொருள். இன்றும் மாசித் திருவிழாவில் ஒற்றியூரில் மகிழடி சேவை நிகழ்கிறது. முறிந்த ஒரு சூளை ஊரார் ஆண்டுதோறும் நினைவுகூர்கின்றனர் எனின், மானக்கணக்கை எழுதிவைப்போர் யார் என்பதற்கு வேறு சான்று வேண்டா.

பரம்பரையும் ரோசமும்

அதே வடசென்னையில் துறைமுகத்தையும் மீன்பிடித்தலையும் ஆலையையும் சார்ந்து வாழ்ந்த உழைப்பாளரிடையே 20-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலக் குத்துச்சண்டை வேரூன்றியது. சார்பட்டா, இடியாப்ப நாயக்கர், எல்லப்பச் செட்டியார் எனப் பரம்பரைகள் தோன்றின. ஈண்டுப் பரம்பரை என்பது குருதிவழியன்று; வாத்தியார் வழி. மானம் என்பதற்கு அம்மக்கள் வழங்கும் சொல் ரோசம். ஒருவன் மேடையில் வாங்கும் அடி அவன் பரம்பரை முழுவதும் வாங்கிய அடியாகும்.

பா. இரஞ்சித் இயக்கி 2021-இல் வெளிவந்த ‘சார்பட்டா பரம்பரை’ என்னும் திரைப்படம், நெருக்கடிநிலைக் காலத்தைக் களமாகக் கொண்டு இவ்வாழ்வைக் காட்டுகிறது. எங்கள் பிள்ளை வெம்புலியை வெல்லானாயின் சார்பட்டா இனி மேடையேறாது என ரங்கன் வாத்தியார் சவால் விடுகிறார். இது நெடுஞ்செழியன் வஞ்சினத்தின் வழிவந்ததே. ஆயினும் ஒரு திரிபு உண்டு. பாண்டியன் தன்னையே பிணையாக வைத்தான். வாத்தியார் பரம்பரை முழுவதையும் பிணையாக வைத்தார். அதன் சுமை கபிலன் தோளில் ஏறுகிறது. அவன் வெல்லும் தறுவாயில் கலகம் மூட்டப்பட்டு, ஊர் நடுவே ஆடை களையப்பட்டு இழிவுறுகிறான். அவன் பிழை செய்தானல்லன், போட்டியில் தோற்றானுமல்லன், எனினும் முகம் இழந்தான். குற்றத்தால் வரும் இழிவு வேறு, பிறர் கொடுமையால் வரும் இழிவு வேறு என்பதை அறியாத ஆட்டவிதி, கபிலனுடைய புள்ளிகளைக் குறைத்துவிட்டு அமையும். இப்படமோ, அவ்விழிவினின்று அவன் கள்ளச்சாராயத்தில் வீழ்ந்ததையும், பின் மீண்டெழுந்ததையும் கதையின் பிற்பாதி முழுவதுமாக விரிக்கிறது. குலமானத்தைத் தனியொருவன்மேல் ஏற்றுவோர் அவ்வேற்றத்தின் விலையை யார் கொடுப்பது எனக் கேட்பதில்லை என்பது இப்படத்தின் உட்பொருள் என யாம் கொள்கிறோம்.

இவ்விடத்துக் கோவூர் கிழார் நினைவுக்கு வருகிறார். நலங்கிள்ளி உறையூரை முற்றியிருக்க, நெடுங்கிள்ளி உள்ளே அடைத்திருக்க, இருவர் கண்ணியும் ஆத்தியே, ஒருவர் தோற்பினும் தோற்பது நும் குடியே என அவர் இடித்துரைத்தார் (புறம். 45). புலவன் போரைப் புகழ்பவன் மட்டுமல்லன். மானத்தின் பெயரால் நிகழும் அறியாமையை நிறுத்துபவனுமாவான்.

மானத்தின் மறுபக்கம்

இத்துணையும் கூறியபின் ஒரு தடையையும் யாமே எழுப்புதல் கடன். வீரயுக மானத்தைப் போற்றி விதி எழுதுவோர், அம்மானம் யாரை விலைப்பொருளாக்கியது என எண்ணுவதுண்டோ? அயர்லாந்தில் மானவிலையை அளந்த அலகுகளுள் ஒன்று ‘கூமல்’. அச்சொல்லின் முதற்பொருள் அடிமைப்பெண் என்பது. ஒருவனது முகத்தின் விலை இத்தனை அடிமைப்பெண்கள் எனக் கணக்கிடப்பட்டது. நம் பட்டினப்பாலையிலும் போரிற் சிறைப்பட்ட கொண்டி மகளிர் விளக்கேற்றி நிற்கின்றனர். அவர் மானம் பாடப்படவில்லை. இக்காலத்தும் குடும்ப மானம் எனக் கூறித் தம் மக்களையே கொல்லும் கொடுமை நம் நாட்டில் அற்றுவிடவில்லை. அதனைக் கௌரவக் கொலை எனக் கூறாது ஆணவக் கொலை எனத் தமிழ் வழக்கு திருத்திக்கொண்டது சொல்லாராய்ச்சியாளர் போற்றத்தக்க தெளிவாகும். ‘குடிமானம் காத்தமைக்குப் பத்துப் புள்ளி’ எனக் கண்மூடி எழுதப்படும் விதி, விளையாட்டிலேயாயினும், அத்தெளிவை அழிக்கும்.

முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படுவன இவை. மானத்தைத் தன் தாளில் தானே எழுதிக்கொள்ளும் எண்ணாக வையாது, சூழ அமர்ந்தோர் கூறும் சொல்லாக வைத்தல் வேண்டும். ஆடுவோன் செயலுக்கு முன் தன் நோக்கத்தைப் பூச்சூடுவது போல் அறிவித்து, தவறின் வரும் தண்டத்தையும் தானே கூறல் வேண்டும். ஒவ்வொரு மாந்தர்க்கும் ஒன்றற்கொன்று மோதக்கூடிய இரு கடன்களேனும் இருத்தல் வேண்டும். ஆடுவோருள் ஒருவர் புலவரிடத்தில் அமர்ந்து, வென்றவனைத் தாழ்த்தவும் தோற்றவனை உயர்த்தவும் உரிமையுடையராதல் வேண்டும். முறிவுக்குப்பின் பிறரறிய நடக்கும் மீட்சிவழி ஒன்று இருத்தல் வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, இம்மானத்தின் விலையை இக்கதையில் யார் செலுத்துகின்றனர் என்னும் வினாவை ஒவ்வோர் அமர்விலும் ஒருவர் கேட்டல் வேண்டும்.

இவ்விதிகள் அயர்லாந்துக் கதைக்கும் பொருந்துவன. நம் புறத்திணையைக் களமாகக் கொண்டு ஓர் ஆட்டம் அமைப்பார்க்கும் பொருந்துவன. புறத்திணையியலைக் கற்கும் மாணவர் அதனைத் துறைகளின் பட்டியலாக மனப்பாடம் செய்து விடுகின்றனர். அவர்கள் ஒருமுறை வெட்சியார் பக்கமும் கரந்தையார் பக்கமும் அமர்ந்து, ஒருவர் குயத்தியாராக நின்று தீர்ப்புரைக்க, அதனை ஆடிப்பார்ப்பராயின், தொல்காப்பியர் வகுத்தது வெறும் பட்டியலன்று, மனிதர் ஒருவரையொருவர் நோக்கி நின்ற முறை என்பதைத் தாமே உணர்வர். அவ்வுணர்வு வகுப்பறைக்கு வருமாயின் இவ்வாராய்ச்சி பயனுடைத்து என அமைவோம்.